உங்களுக்குத் தெரியுமா? முதல் கைத்துப்பாக்கி வாங்க நினைப்பவருக்கு

வெடிமருந்து ஏற்றுமதி செய்த ஊர்

அனுப்பம்பட்டு ரயில் நிலையத்தில் இறங்கிப் பழவேற்காடு பக்கம் போகிறவர்களின் நினைப்பெல்லாம் இறாலும் நண்டும் பூநாரையும்தான். 400 ஆண்டுகளுக்கு முன் அதே துறையிலிருந்து கப்பலேறிய சரக்கு வேறு. டச்சுக்காரர்கள் 1613-ல் அங்கே ஜெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். 1620-களில் வெடிமருந்து ஆலை ஒன்றையும் தொடங்கினார்கள். கிழக்கிந்தியத் தீவுகளில் இருந்த டச்சு நிலையங்களுக்கும், ஊர் திரும்பும் அவர்களுடைய கப்பல்களுக்கும் பல பத்தாண்டுகள் மருந்து போனது இந்த ஏரிக்கரையிலிருந்துதான். கோட்டை இன்று புதர் மண்டிக் கிடக்கிறது. டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது; அதன் வாசலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் நின்று வரவேற்கும்.

அப்படிப்பட்ட ஊருக்குப் பக்கத்தில் குடியிருப்பவர், தற்காப்புக்கு என்று இன்று ஒரு கைத்துப்பாக்கி வாங்க நினைத்தால் என்ன ஆகும்? அதுவும் அவர் துப்பாக்கியைத் தொட்டே பார்த்திராத, கொஞ்சம் பயந்த சுபாவக்காரராக இருந்தால்?

சென்னையில் ஒலித்த குரல்

வெள்ளைக்காரன் வைத்திருக்கலாம், இந்தியன் வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும் என்று சொன்னது லிட்டன் பிரபு காலத்து 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம். 1887-ல் பத்ருதீன் தியாப்ஜி தலைமையில் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டில், அந்தச் சட்டத்தை நீக்கவேண்டும் என்று விபின் சந்திர பால் ஆவேசமாகப் பேசினார். சுதந்திர இந்தியா 1959-ல் புதிய சட்டம் கொண்டுவந்தது. நிற வேற்றுமை போனது, லைசென்ஸ் போகவில்லை. அமெரிக்காவில் இருப்பதுபோல் ஆயுதம் வைத்திருப்பது இங்கே அடிப்படை உரிமை அல்ல. 2023-ல் உச்ச நீதிமன்றமும் இதைச் சுட்டிக்காட்டியது.

கடைக்குப் போவது கடைசி வேலை

வெளிநாட்டுப் பத்திரிகைகளில் ‘உங்கள் முதல் துப்பாக்கி’ என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். அங்கே முதல் கேள்வி எந்த மாடல் என்பது. நம் ஊரில் முதல் கேள்வி, உங்களுக்கு ஏன் என்பது.

21 வயது முடிந்திருக்க வேண்டும். தொழிலாலோ வேறு காரணத்தாலோ உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பு தேவை என்று காட்ட வேண்டும், அல்லது துப்பாக்கி சுடும் விளையாட்டில் முறையாக ஈடுபட்டவராக இருக்க வேண்டும். விண்ணப்பம் போவது மாவட்ட ஆட்சியரிடம். காவல் ஆணையரக எல்லை என்றால் ஆணையரிடம். ஆவடி ஆணையரகம் 2022 ஜனவரியில் தொடங்கிய பிறகு இந்தப் பக்கத்தில் எந்த ஊர் யார் எல்லையில் வருகிறது என்பதைக் காவல் நிலையத்தில் கேட்டுக்கொண்டு எழுதுவது நல்லது. உள்ளூர் போலீஸ் வந்து விசாரிக்கும். அக்கம்பக்கத்திலும் கேட்பார்கள், பழைய வழக்கு ஏதும் உண்டா என்று பார்ப்பார்கள்.

2016-ஆம் ஆண்டு விதிகள் இன்னும் இரண்டைச் சேர்த்தன. ஒன்று, உடல்நலம் மட்டுமல்லாமல் மனநலமும் சரியாக இருக்கிறது என்ற மருத்துவச் சான்று. இரண்டாவது, ஆயுதத்தைப் பத்திரமாகக் கையாளப் பயிற்சி பெற்ற சான்று. என்னைக் கேட்டால், இந்தியச் சட்டத்தில் பயந்த சுபாவக்காரருக்குச் செய்யப்பட்ட பெரிய நல்லது இந்த இரண்டாவதுதான். துப்பாக்கி கைக்கு வருவதற்கு முன்பே, அது தனக்குச் சரிப்படுமா என்று ஒருவர் தெரிந்துகொள்ள அதில் வாய்ப்பு இருக்கிறது. சரிப்படாது என்று தெரிந்து பாதியில் விண்ணப்பத்தை விட்டுவிட்டால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

2019 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் காலம் மூன்று ஆண்டிலிருந்து ஐந்து ஆண்டாக நீண்டது. ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தது. கல்யாண வீட்டில் குஷிக்கு வானத்தைப் பார்த்துச் சுட்டு அடுத்தவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

நகைப்பெட்டியில் வந்த ரிவால்வர்

2012 டிசம்பர் டெல்லிப் பாலியல் வன்கொடுமைக்குப் பிறகு, பெண்களுக்கென்றே ஒரு ரிவால்வரைக் கான்பூர் அரசுத் தொழிற்சாலை 2014 ஜனவரியில் வெளியிட்டது. பெயர் நிர்பீக். டைட்டானியக் கலவை, 500 கிராம் எடை, .32 அளவு, ஆறு தோட்டா. அன்றைய விலை 1,22,360 ரூபாய். அரக்கு நிற நகைப்பெட்டி போன்ற பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள்.

அந்தப் பெட்டிதான் எனக்கு உறுத்துகிறது. பழவேற்காட்டுச் சந்தையில் கூடையோடு உட்கார்ந்து மீன் விற்கும் பெண்ணுக்கு அந்த விலை எத்தனை மாத வருமானம்! பின்னால் வந்த .22 அளவு நிடர் ரிவால்வர் இன்னும் சின்னது: 250 கிராம், வந்தபோது ஏறக்குறைய 35,000 ரூபாய். 2023 ஆகஸ்டில் வந்த பிரபல், 50 மீட்டர் வரை குறி எட்டும் என்று விளம்பரப்படுத்தப்பட்டது. சிலிண்டர் பக்கவாட்டில் திறப்பதால் தோட்டா போடுவதும் எடுப்பதும் அதில் சுலபம். பழைய இந்திய ரிவால்வர்களை நடுவில் மடக்கித்தான் திறக்க வேண்டும். உள்ளே தோட்டா இருக்கிறதா இல்லையா என்று ஒரே பார்வையில் தெரிவது புதியவருக்குப் பெரிய நிம்மதி. 50 மீட்டரோ அவருக்கு எதற்கும் உதவாது. ஏன் என்பது கீழே வருகிறது.

ஆறரை மீட்டர், ஒன்றரை நொடி

1983-ல் டென்னிஸ் டுல்லர் என்ற அமெரிக்கப் போலீஸ் பயிற்சியாளர் ஒரு சோதனை செய்தார். கத்தியோடு ஓடிவரும் ஆள் 21 அடியைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகிறது? சுமார் ஒன்றரை நொடி. இடுப்பு உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்துக் குறிபார்த்துச் சுடப் பயிற்சி பெற்ற போலீஸ்காரருக்கும் ஏறக்குறைய அதே நேரம் பிடித்தது.

21 அடி என்பது ஆறரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு. குப்பத்து வீடுகள் பலவற்றில் முன்வாசலிலிருந்து பின்வாசல் அவ்வளவு இருக்காது. பீரோவில் பூட்டிய துப்பாக்கியை எடுக்கும் நேரத்தைக் கணக்கில் சேர்த்தால் அது வேறு கணக்கு. இன்னொன்றும் உண்டு. தோட்டா கீற்றிலும் தகரத்திலும் ஆஸ்பெஸ்டாஸிலும் நிற்காது. சுவரோடு சுவராக வீடுகள் இருக்கும் தெருவில், தவறிய குண்டு பக்கத்து வீட்டுப் பாயில் படுத்திருப்பவரிடம் போய்ச் சேரும். மாடல் எது என்று பேசுகிறவர்கள் இதை முதலில் பேச வேண்டும்.

.32 என்றால் ஒரே .32 அல்ல

9 மி.மீ., .45 போன்ற ராணுவ, போலீஸ் அளவுகள் சாதாரணக் குடிமகனுக்குத் தடை. அதனால்தான் இந்தியாவில் எல்லோரும் .32, .22 என்றே பேசுகிறார்கள். இதில் ஒரு குழி இருக்கிறது. நம் .32 ரிவால்வருக்குப் போடும் தோட்டா நீளமானது, அடியில் விளிம்பு வைத்தது, 1896-ல் வந்தது. .32 பிஸ்டலுக்குப் போடுவது குட்டையானது, ஜான் பிரவுனிங் 1899 வாக்கில் வடிவமைத்தது. பெயரில் எண் ஒன்றாக இருப்பதால் ஒன்றுக்கு மற்றது பொருந்தும் என்று நினைத்துவிடக் கூடாது. கடையில் ‘.32 தோட்டா கொடுங்கள்’ என்றால் போதாது. ரிவால்வருக்கா பிஸ்டலுக்கா என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சின்னது சுலபம் என்ற நினைப்பு

புதியவர் கையில், அதுவும் பெண் கையில், சின்னத் துப்பாக்கியைக் கொடுப்பது உலகம் முழுக்க உள்ள வழக்கம். பெரும்பாலும் அது தவறு. ஒரே தோட்டாவை எடை பாதியான துப்பாக்கியில் போட்டுச் சுட்டால், அது பின்னால் உதைக்கும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். பிடி சின்னதாக இருந்தால் சுண்டுவிரலுக்கு இடமிருக்காது. குழல் குட்டையாக இருந்தால் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளி குறைந்து, சிறு கைநடுக்கமும் இலக்கில் பெரிய விலகலாகிவிடும்.

.32 ரிவால்வர் தோட்டா இயல்பிலேயே சாதுவானது. அதன் உதைக்குப் பயப்பட வேண்டியதில்லை. அசல் தொல்லை விசையில் இருக்கிறது. ரிவால்வரின் சுத்தியலைப் பின்னுக்கு இழுக்காமல் நேரடியாக விசையை அழுத்தினால் நாலரை, ஐந்து கிலோ வரை அழுத்தம் வேண்டியிருக்கும். ஐந்து கிலோ அரிசிப் பையை ஆள்காட்டி விரலின் நுனியில் மாட்டித் தூக்கிப் பாருங்கள், புரியும். அந்த இழுப்பிலேயே குறி பக்கவாட்டில் போய்விடும். சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து வைத்தால் விசை லேசாகிவிடும். ஆனால் பயத்தில் நடுங்கும் விரலுக்கு லேசான விசைதான் மிக ஆபத்து. தடுக்கி விழுந்தாலோ, இடது கையால் எதையாவது இறுகப் பிடித்தாலோ, வலது கைவிரலும் தன்னை அறியாமல் சேர்ந்து மடங்கும்.

அப்படியானால் பயந்தவருக்கு எது? இந்தியச் சந்தையில் கிடைப்பதை வைத்து என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். எஃகில் செய்த, கொஞ்சம் கனமான, கை நிறையப் பிடிக்கக்கூடிய .32 ரிவால்வர். வாங்குமுன் காலியாக இருப்பதை உறுதி செய்துகொண்டு, கடைக்காரர் அனுமதியோடு விசையை நேராகப் பத்து முறை இழுத்துப் பார்க்க வேண்டும். பத்தாவது முறையும் குழல் ஆடாமல் இழுக்க முடிந்தால் சரி. முடியாவிட்டால் அந்தத் துப்பாக்கி எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். பிஸ்டலில் தோட்டா அதிகம் கொள்ளும், உண்மைதான். ஆனால் மேலுறையை (ஸ்லைடு) இழுக்கக் கைவலு வேண்டும். தோட்டாக்கூட்டைக் கழற்றிய பிறகும் குழலுக்குள் ஒரு தோட்டா தங்கியிருக்கலாம். உலகெங்கும் எத்தனையோ வீடுகளில் ‘காலி’ என்று நினைத்த பிஸ்டல் வெடித்தது அதனால்தான்.

பழைய வெளிநாட்டுத் துப்பாக்கி என்று யாராவது ஆசை காட்டினால் மயங்க வேண்டாம். 1980-களின் நடுவில் இறக்குமதி தடைசெய்யப்பட்டதால் அவற்றின் விலை ஏறிக்கிடக்கிறதே தவிர, தரம் ஏறவில்லை. வெப்லி பெயர் மேல் ஆசை என்றால், அந்தக் கம்பெனியின் .32 ரிவால்வர் 2020 முதல் உத்தரப்பிரதேசத்து ஹர்தோய் மாவட்டத்திலேயே தயாராகிறது.

முன்கூட்டியே வரும் திடுக்கிடல்

குறி தவறுவதற்கு முக்கியக் காரணம் உதை அல்ல, உதை வரப்போகிறது என்ற பயம். விசை முழுதாக அழுந்துமுன்பே மணிக்கட்டு தன்னால் கீழே தள்ளும், கண் மூடிக்கொள்ளும். பயிற்சியாளர்கள் இதற்கு ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். மாணவருக்குத் தெரியாமல் நிஜத் தோட்டாக்களுக்கு நடுவே போலித் தோட்டா ஒன்றிரண்டைக் கலந்து போடுவார்கள். போலி வரும்போது வெடிக்காது, ஆனால் கை மட்டும் கீழே குதிக்கும். அதைத் தன் கண்ணாலேயே பார்த்தவருக்குப் பயம் பாதி போய்விடும்.

காதுக்கும் மூடி கட்டாயம். சின்ன .22 உட்பட அநேகமாக எல்லாக் கைத்துப்பாக்கி ஓசையும் 140 டெசிபலைத் தாண்டுகிறது. கேட்கும் திறனை ஒரே வெடியில் கெடுக்க அது போதும்.

பயிற்சிக்கு நல்ல தொடக்கம் விளையாட்டுச் சங்கத்து ஏர் பிஸ்டல்: 4.5 மி.மீ. ரவை, பத்து மீட்டர் தூரம், உதை கிடையாது. நடிகர் அஜித் குமார் சென்னை ரைபிள் கிளப் சார்பில் 2022-ல் திருச்சியில் நடந்த மாநிலப் போட்டியில் பதக்கங்கள் வாங்கியதும் இந்தச் சங்க வழியில்தான். தற்காப்புக்கு இது உதவாது என்பவர்கள் உண்டு. விரலையும் மூச்சையும் அடக்கக் கற்றுக்கொடுக்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

நான்கு விதிகள்

அமெரிக்கப் பயிற்சியாளர் ஜெஃப் கூப்பர் பரப்பியவை. இன்று உலகமெல்லாம் சொல்லித்தருகிறார்கள். எல்லாத் துப்பாக்கியும் எப்போதும் நிரம்பியிருப்பதாகவே கொள். அழிக்க விரும்பாத எதன் மேலும் குழலைத் திருப்பாதே. குறி இலக்கில் நிற்கும்வரை விரலை விசைக்கு வெளியே வை. இலக்கு எது, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள். நான்காவது விதியைப் படிக்கும்போது அந்தக் கீற்றுச் சுவர் நினைவுக்கு வர வேண்டும்.

உப்புக்காற்றும் பழைய தோட்டாவும்

ஏரிக்கரையில் சைக்கிள் கம்பியே எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கிறது என்று அங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீலக்கறுப்புப் பூச்சு மட்டும் உள்ள எஃகுத் துப்பாக்கிக்கு உப்புக்காற்று எமன். தோல் உறையிலேயே வைத்துப் பூட்டினால் தோல் ஈரத்தை இழுத்து இன்னும் கெடுக்கும். வெளியே எடுத்து, துடைத்து, மெல்லிய எண்ணெய் பூசி வைக்க வேண்டும். எண்ணெய் தோட்டாவில் படக்கூடாது.

தோட்டாவுக்கும் வயது உண்டு. 1967 ஜனவரி 12 அன்று ராமாவரம் தோட்டத்தில் எம்.ஆர். ராதா எம்.ஜி.ஆரைச் சுட்டார், தன்னையும் சுட்டுக்கொண்டார். அவ்வளவு நெருக்கத்தில் குண்டுகள் பாய்ந்தும் இருவருமே பிழைத்தார்கள். மேசை இழுப்பறையில் பல ஆண்டுகள் உருண்டு கிடந்ததில் தோட்டாக்கள் வீரியம் இழந்திருந்தன என்பது தடயவியல் வல்லுநர் பி. சந்திரசேகரன் தந்த விளக்கம்.

சோழவரத்தில் நடந்தது

தற்காப்பு உரிமை துப்பாக்கி லைசென்ஸோடு வருவது என்று பலர் நினைக்கிறார்கள். அது எல்லோருக்கும் ஏற்கெனவே இருக்கிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை. உயிர் போகும், கொடுங்காயம் ஏற்படும், பாலியல் வன்முறை நடக்கும், கடத்திப் போவார்கள், ஆசிட் வீசுவார்கள் என்று நியாயமான அச்சம் இருந்தால், எதிராளியின் உயிரைப் போக்குவது வரைக்கும் அந்த உரிமை நீள்கிறது. தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது. போலீஸை நாட அவகாசம் இருந்தால் உரிமை இல்லை. திருடன் முதுகைக் காட்டி ஓடும்போது சுட்டால் அது தற்காப்பு அல்ல.

2021 ஜனவரி. அனுப்பம்பட்டிலிருந்து அதிக தூரமில்லாத சோழவரம் காவல் எல்லையில் 19 வயதுப் பெண் ஒருவரைக் கத்தி காட்டி மிரட்டிப் பலாத்காரம் செய்ய முயன்றான் ஒருவன். அவனைத் தள்ளிவிட்டு, அந்தக் கத்தியையே பிடுங்கிக் குத்தினார் அந்தப் பெண். அவன் இறந்தான். அன்றைய திருவள்ளூர் எஸ்.பி. அரவிந்தன், 100-வது பிரிவின்படி இது தற்காப்பு என்று முடிவு செய்து அந்தப் பெண்ணை விடுவித்தார். 2012-ல் மதுரையில் எஸ்.பி.யாக இருந்த அஸ்ரா கார்க்கும் இதே பிரிவைப் பயன்படுத்தினார். மகளை நாசம் செய்ய முயன்ற கணவனைக் கிரிக்கெட் மட்டையால் அடித்துக் கொன்ற தாயின் வழக்கு அது. இரண்டிலும் துப்பாக்கி இல்லை. இரண்டிலும் காவல்துறை, வழக்கு பதிந்தோமா ஜெயிலுக்கு அனுப்பினோமா என்று இருந்துவிடாமல் சட்டப் புத்தகத்தைத் திறந்து பார்த்தது.

லைசென்ஸ் வேண்டாதவை

மிளகு ஸ்பிரேக்கு லைசென்ஸ் தேவையில்லை. காற்றுக்கு எதிராக அடித்தால் நம் கண்ணுக்கே வரும். கடற்கரையில் இது சின்ன விஷயமில்லை. 112 எல்லா அவசரத்துக்கும், 181 பெண்களுக்கு. கடலில் சந்தேகப் படகைப் பார்த்தால் கடலோரக் காவல் குழுமத்தின் 1093. உயிருக்கு ஆபத்து என்றால் கடலோரக் காவல்படையின் 1554.

ஏர்கன்னுக்கும் 20 ஜூல் சக்தி, 4.5 மி.மீ. அளவு இவற்றைத் தாண்டாதவரை லைசென்ஸ் வேண்டாம். அதை எடுத்துக்கொண்டு ஏரிப் பக்கம் போவது மட்டும் கூடாது. தமிழகப் பகுதிப் பழவேற்காடு ஏரி 1980 முதல் பறவைகள் சரணாலயம். 1972-ஆம் ஆண்டு வன உயிரினச் சட்டத்தில் கொக்கைச் சுட்டாலும் குற்றம் குற்றம்தான்.

தேர்தல் வந்தால்

இவ்வளவும் தாண்டி லைசென்ஸ் வாங்கி, விசை இழுத்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, எண்ணெய் பூசிப் பூட்டி வைத்த கைத்துப்பாக்கியையும், தேர்தல் அறிவிப்பு வந்ததும் காவல் நிலையத்திலோ அங்கீகாரம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைக்கச் சொல்வார்கள். உள்ளாட்சி, சட்டமன்றம், மக்களவை எதுவானாலும் இதே கதைதான். முடிவு வெளியாகி நடைமுறைகள் முடிந்த பிறகே திரும்பக் கிடைக்கும். துப்பாக்கி எண், தோட்டா எண்ணிக்கை இரண்டும் குறித்த ரசீதைக் கையில் வாங்காமல் கவுன்டரை விட்டு நகரக் கூடாது.